மனம் சோர்ந்த மாணவருடன் முதல் பேச்சிலிருந்து அவர் வகுப்புக்குத் திரும்பும் வரை: கல்லூரி வகுப்பு ஆலோசகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒவ்வோர் ஆசிரியரின் பொறுப்பிலும் சில மாணவர்கள் ‘வார்டு’ என ஒப்படைக்கப்படுகிறார்கள். அந்த மாணவர்களில் ஒருவர் மனத்தளவில் தடுமாறத் தொடங்கும்போது, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு முன்பாகவும் மருத்துவருக்கு வெகு முன்பாகவும் அதைக் காணும் வாய்ப்பு அந்த ஆசிரியருக்குக் கிடைக்கிறது. பொறியியல் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகள் வகுப்பு ஆலோசகராக இருந்தும், புதிதாகப் பொறுப்பேற்ற ஆசிரியர்களுடன் அமர்ந்து அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். மாணவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

புதியவர்கள் அக்கறைக் குறைவால் தவறுவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பெரும்பாலான தவறுகள், செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்வதால் நேர்பவை. வீட்டுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்வது தேவையான செயல்தான். ஆனால் மாணவரிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன் அதைச் செய்துவிட்டால், அதன் பிறகு அவர் உங்களிடம் மட்டுமல்லாமல் கல்லூரியில் யாரிடமும் வாய் திறக்கமாட்டார். ஆகவே கீழே உள்ள படிகளைக் கொடுத்துள்ள வரிசையிலேயே பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. பேசுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

மாணவர் மனம் திறந்த பிறகு “யாரிடம் அனுப்பலாம்” என்று நீங்கள் தேடத் தொடங்கினால், அந்த இடைவெளியில் அவர் பின்வாங்கிவிடுவார். எனவே பருவம் தொடங்கும் வாரத்திலேயே ஒரே ஒரு தாளில் சில விவரங்களை எழுதி, மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கல்லூரியின் உளவியல் ஆலோசகர் யார், எந்த நாட்களில் வருகிறார், எந்த அறையில் இருப்பார் என்பதை எழுதுங்கள். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டு நெறி வகுத்திருக்கிறது. ஆசிரியர்களுக்கும் ஏனைய ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது இதற்கான பயிற்சி தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. உங்கள் கல்லூரியில் இவை இல்லையென்றால் துறைத்தலைவரிடம் எழுத்தில் கேட்பதற்கு இந்தத் தீர்ப்பே போதுமான ஆதாரம்.

அடுத்து, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மனநலப் புறநோயாளிகள் பிரிவு எந்தக் கட்டடத்தில், எந்த நேரத்தில் நடக்கிறது என்பதை ஒருமுறை நேரில் சென்று தெரிந்துகொள்ளுங்கள். அரசின் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் சில வட்டார மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் வருவதுண்டு.

பிறகு எண்கள். நடுவண் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவு பகலாக இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் மன ஆலோசனை கிடைக்கிறது. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் ‘சினேகா’ அமைப்பின் எண் 044-24640050. அவசர ஊர்திக்கு 108, ராகிங் புகாருக்கு 1800-180-5522, பெண்களுக்கான உதவிக்கு 181. இவற்றில் 14416 எண்ணை நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். மறுமுனையில் முதலில் என்ன கேட்பார்கள் என்று சொல்லித்தர முடிந்தால் மாணவரின் தயக்கம் பாதி குறைந்துவிடும்.

கடைசியாக, வருகைப்பதிவு விதிகள் அடங்கிய பக்கத்தின் ஜெராக்ஸ் ஒன்றை அந்தத் தாளுடன் இணைத்துவிடுங்கள். அதன் தேவை ஒன்பதாம் படியில் வரும்.

2. மாணவரை அவருடைய பழைய நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

வகுப்பில் அமைதியாக இருப்பவர்களையெல்லாம் சந்தேகிப்பது வீண் வேலை. ஒரு மாணவர் கடந்த மாதம் எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்ற வேறுபாடுதான் செய்தி சொல்லும். அந்த மாற்றம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். மனச்சோர்வு நோயைக் கணிக்கும்போது மருத்துவர்கள் பார்க்கும் குறைந்தபட்சக் காலமும் அதுதான்.

மருத்துவருக்குத் தெரியாத சில அறிகுறிகள் ஆசிரியருக்குத் தெரியும். காலையின் முதல் பாடவேளைக்கு மட்டும் தொடர்ந்து வராமல் இருப்பது, மெஸ்ஸில் பேருக்கு உட்கார்ந்துவிட்டு எழுந்து போவது, வீட்டிலிருந்து பணம் வந்தும் தேர்வுக் கட்டணம் கட்டாமல் இருப்பது, சிறு சொல்லுக்கெல்லாம் எரிந்து விழுவது, புதிதாகக் குடிக்கத் தொடங்குவது, தனக்கு மிகவும் பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது ஆகியவை அவற்றுள் சில. மீண்டும் மீண்டும் தலைவலி, வயிற்றுவலி என்று விடுப்பு எடுப்பவரையும் கவனியுங்கள். நம் ஊரில் மனத்தின் வலி பெரும்பாலும் உடம்பின் வலியாகத்தான் முதலில் சொல்லப்படுகிறது.

மூன்றாம் பருவ மாணவி ஒருவரின் லேப் ரெக்கார்டு இன்றும் என் நினைவில் இருக்கிறது. ஆறாவது சோதனை வரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சுற்றுப் படங்களைக் கூர்மையான பென்சிலால் வரைந்திருந்தார். ஏழாவதில் தலைப்பும் தேதியும் மட்டும் இருந்தன. அதன் பிறகு வெற்றுத் தாள்கள். நான் “முடித்துக்கொண்டு வரவும்” என்று சிவப்பு மையில் எழுதி மூன்று வாரம் அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏழாவது சோதனைக்கு முந்தைய வாரத்திலிருந்தே அவர் தூங்கவில்லை என்பது பின்னர் அவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த வெற்றுத் தாளைக் கண்ட முதல் நாளே நான் பேசியிருக்க வேண்டும்.

சில காலங்களில் கூடுதல் கவனம் தேவை. முதலாண்டில் முதல் இன்டர்னல் மதிப்பெண் வந்தவுடன், பள்ளியில் தமிழ் வழியில் படித்து நல்ல மதிப்பெண் பெற்று வந்தவர்கள் தங்களுக்குத் திடீரென்று அறிவு மங்கிவிட்டதாக நம்பத் தொடங்குகிறார்கள். தேர்வு முடிவு வரும் வாரமும், இறுதியாண்டில் உடன் படிப்பவர்களுக்கு வேலை கிடைத்துத் தனக்குக் கிடைக்காத மாதங்களும் அதே போன்றவை.

தனக்குத்தானே பேசுவது, யாரோ தன்னைப் பற்றிச் சதி செய்வதாக உறுதியாகச் சொல்வது, பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்பதாகச் சொல்வது ஆகியவை வேறு வகை. மனச்சிதைவு போன்ற நோய்கள் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் தொடங்குகின்றன. அங்கே அவரோடு வாதிடுவதால் பயனில்லை. சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்பதால், தாமதமின்றி மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

இந்தப் படியில் நேரும் பெரிய தவறு, “இவனுக்கு டிப்ரஷன்” என்று ஆசிரியரே நோய்க்குப் பெயர் வைப்பது. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூட இதே சோர்வைத் தரும். நோயைக் கணிப்பது மருத்துவரின் வேலை. நீங்கள் கண்டதைக் கண்டபடி தேதியுடன் குறித்துக்கொள்வது மட்டுமே உங்கள் வேலை.

3. இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

ஸ்டாஃப் ரூமில், சக ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்க, உங்கள் மேசைக்கு எதிரே மாணவரை நிற்கவைத்துக் கேட்டால் கிடைக்கும் பதில் “ஒண்ணுமில்ல சார்” என்பதாகத்தான் இருக்கும். காலியான டியூட்டோரியல் அறையோ நூலகத்தின் ஓரமோ போதும். அவரும் உட்கார வேண்டும். கதவு பாதி திறந்திருக்கட்டும். அது இருவருக்குமே பாதுகாப்பு.

வகுப்புத் தலைவர் மூலம் சொல்லியனுப்பினால் வகுப்பு முழுவதும் அவரைத் திரும்பிப் பார்க்கும் என்பதால், நடைபாதையில் எதிர்ப்படும்போது நீங்களே மெதுவாகச் சொல்லுங்கள். குறைந்தது 40 நிமிடம் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை மாலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மனத்திலிருப்பதைக் கொட்டிவிட்டு வெறிச்சோடிய விடுதிக்குத் திரும்பும் மாணவர், ஆலோசகரோ மருத்துவமனைப் புறநோயாளிகள் பிரிவோ இல்லாத இரண்டு நாட்களைத் தனியாகக் கடக்க வேண்டியிருக்கும். வாரத்தின் முதல் நாட்களில், காலை வேளையில் பேசுவதே நல்லது.

4. முதல் பேச்சு

“என்ன பிரச்சினை?” என்று தொடங்காதீர்கள். பிரச்சினை என்னவென்று அவருக்கே தெளிவாகத் தெரியாத நிலையில் அந்தக் கேள்வி ஒரு விசாரணையாகவே கேட்கும். நீங்கள் கண்ணால் கண்டதிலிருந்து தொடங்குங்கள்: “ரெண்டு வாரமா ஃபர்ஸ்ட் அவர்ல உன்னைக் காணோம்பா. நேத்து லேப்ல ரொம்பக் களைச்சுப்போய் இருந்த. ராத்திரி தூங்குறியா?” தூக்கத்தையும் சாப்பாட்டையும் பற்றிப் பேச யாரும் வெட்கப்படுவதில்லை. அந்த வழியாகவே மற்றவை வெளியே வரும்.

அவர் பேசத் தொடங்குவதற்கு முன்பாகவே, ரகசியம் பற்றிய உங்கள் வாக்கைச் சொல்லிவிடுங்கள்: “நீ சொல்றது ஸ்டாஃப் ரூமுக்குப் போகாது. உன் உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா மட்டும், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் இன்னொருத்தரைக் கூப்பிடுவேன்.” “யாரிடமும் சொல்லவே மாட்டேன்” என்று முழு வாக்குக் கொடுப்பது புதியவர்கள் செய்யும் தவறு. அந்த வாக்கை மீற வேண்டிய நிலை வரும்போது, உயிரைக் காக்கும் செயலே அவர் கண்ணுக்குத் துரோகமாகத் தெரியும்.

பிறகு பொறுத்திருங்கள். நீண்ட மௌனத்தைத் தாங்கமுடியாமல் ஆசிரியர்கள் அறிவுரையால் அதை நிரப்பிவிடுகிறார்கள். இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் ஏறத்தாழ கால்மணி நேரம் தன் அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். நானும் எதுவும் பேசவில்லை. ஒரு கட்டத்தில் கயிற்றை விட்டுவிட்டு, “சார், எனக்கு பாடம் படிச்சா எழுத்து தெரியுது, அர்த்தம் தெரியல” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எல்லாமே வந்தது. அந்த மௌனத்தை நான் கலைத்திருந்தால், “நல்லா படிக்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார்.

“உங்கப்பா எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறாரு” என்ற சொல்லைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் மாணவர் அந்த வாக்கியத்தைத் தினமும் இரவில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரை அழுத்திக்கொண்டிருக்கும் பாரங்களில் அதுவும் ஒன்று. “இந்த வயசுல உனக்கென்ன கவலை”, “யோகா பண்ணு, சரியாயிடும்” ஆகியவையும் பேச்சை முடித்துவைக்கும் சொற்களே. அவர் சொன்னதை அவருடைய வார்த்தைகளிலேயே சுருக்கித் திருப்பிச் சொல்லி, “நான் புரிஞ்சுக்கிட்டது சரியா?” என்று கேளுங்கள். யாரோ ஒருவருக்குப் புரிந்தது என்பதே அன்றைக்கு அவருக்குப் பெரிய உதவி.

பேச்சில் ராகிங், சாதி சொல்லி இழிவுபடுத்தல், கடன் செயலியின் மிரட்டல், பாலியல் தொல்லை போன்றவை வெளிப்பட்டால், அவற்றுக்கு ஆலோசனை மட்டும் போதாது. பாலியல் தொல்லைக்குக் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவை அணுகும் வழியை விளக்கி, உடன்வரத் தயாராக இருப்பதாகச் சொல்லுங்கள். முதலாண்டில் 18 வயது நிறைவடையாதவர்கள் பலர் இருப்பார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். அவர்கள் விஷயத்தில், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படி தகவல் தெரிவிப்பது உங்கள் கட்டாயக் கடமை. அதையும் அவரிடம் முதலில் விளக்கிவிட்டே செய்யுங்கள்.

எழுவதற்கு முன், அடுத்த சந்திப்புக்கு ஒரு நாளையும் மணியையும் சொல்லுங்கள். “எப்ப வேணும்னாலும் வா” என்ற அழைப்பை ஏற்று வரும் தெம்பு சோர்ந்திருப்பவரிடம் இருக்காது. “புதன்கிழமை 11 மணிக்கு” என்றால் வருவார்.

5. நேராகக் கேட்க வேண்டிய கேள்வி

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப்போகிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்தனர். தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. அந்த எண்ணத்தைத் தனியாகச் சுமந்துகொண்டிருப்பவருக்கு, அதை இன்னொருவர் முகம் சுளிக்காமல் கேட்டதே பெரிய ஆறுதலாக இருக்கிறது.

கேள்வியின் அமைப்பு முக்கியம். “அப்படியெல்லாம் தப்பா எதுவும் நினைக்கலைல்ல?” என்று கேட்டால், “இல்லை” என்ற பதிலை நீங்களே அவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். “இவ்வளவு பாரத்தோட இருக்கும்போது, செத்துடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?” என்று நிதானமாகக் கேளுங்கள். உங்கள் குரல் நடுங்கினால் அவர் உங்களுக்காகப் பொய் சொல்வார். அதனால் வீட்டில் தனியாக இருக்கும்போது இந்த வாக்கியத்தைப் பத்து முறையாவது உரக்கச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

“தோணியிருக்கு” என்றால் அடுத்து நான்கு செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள். எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான ஏற்பாடு எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, இதற்கு முன் முயன்றிருக்கிறாரா. “தூங்கி எழுந்திருக்காமலே போயிட்டா நல்லாயிருக்கும்” என்பதற்கும், நாளும் வழியும் குறித்து வைத்திருப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. முதலாவது நிலையில் இரண்டொரு நாளுக்குள் ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லலாம். திட்டமோ முந்தைய முயற்சியோ இருந்தால் அன்றைக்கே ஆறாம் படிக்குச் செல்லுங்கள். எது என்று முடிவு செய்ய முடியவில்லை என்றால் ஆபத்து இருப்பதாகவே கொள்ளுங்கள்.

சில மாணவர்கள் காவல்துறைக்குப் பயந்து மறைப்பார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, அவரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது. இதை அவருக்கும், பிறகு அவருடைய பெற்றோருக்கும் சொல்லுங்கள்.

6. அன்றைக்கே ஆபத்து என்றால்

அவரைத் தனியாக விடாதீர்கள். கழிப்பறைக்குச் சென்றாலும் வெளியே யாராவது நிற்கட்டும். அறையில் வைத்துப் பூட்டுவது துணையிருப்பது ஆகாது. விடுதிக் காப்பாளரை நேரில் வரவழைத்துச் சொல்லுங்கள். அறையில் அவர் தனக்குத் தீங்கு செய்துகொள்ளக்கூடியது எது இருந்தாலும், அவருக்குத் தெரிவித்துவிட்டே அப்புறப்படுத்துங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் உந்துதல் பலருக்குச் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரம் வரை உச்சத்தில் இருந்து தணிகிறது. அந்த நேரத்தில் வழி கைக்கெட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காத்திருக்கிறது.

மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நீங்களோ காப்பாளரோ உடன்செல்ல வேண்டும். வாகனத்துக்குக் காத்திருக்கும் வேளையில் 14416 எண்ணை அழைத்து, மாணவர் விரும்பினால் அவரிடமே தொலைபேசியைக் கொடுக்கலாம். ஏற்கெனவே ஏதேனும் உட்கொண்டுவிட்டதாகச் சொன்னால், அவர் பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். சிலவற்றின் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தே வெளியே தெரியும், அப்போது மருத்துவம் கடினமாகிவிடும்.

சில இடங்களில் “இனி இப்படி எதுவும் செய்யமாட்டேன்” என்று மாணவரிடமும் பெற்றோரிடமும் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, அன்று மாலைப் பேருந்திலேயே ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கடிதம் யாரையும் காக்காது. மாணவருக்கு அது, “எங்கள் வளாகத்தில் மட்டும் நடந்துவிடக்கூடாது” என்ற செய்தியாகவே சென்று சேர்கிறது. இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எதிர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் நீங்கள் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

7. வீட்டுக்குச் சொல்வது

அவசர நிலை இல்லையென்றால், “வீட்டுல முதல்ல யார்கிட்ட சொல்லலாம்?” என்று மாணவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் அப்பா பெயர் முதலில் வராது. அக்கா, சித்தி, தாய்மாமன் என்று யாராவது ஒருவர் இருப்பார். அவர் வழியாகப் பெற்றோரை அடைந்தால் செய்தி கோபமாக மாறாமல் போய்ச் சேரும். என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதை மாணவரிடம் முன்கூட்டியே சொல்லி, இயன்றால் அவர் அருகிலிருக்கும்போதே பேசுங்கள்.

தந்தை ஒருவர் என்னிடம் கேட்டது: “ஏன் சார், அவனுக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு?” அந்தக் கேள்வியில் இருந்தது அச்சமே தவிர இழிவு இல்லை என்பது குரலில் தெரிந்தது. “அப்படி இல்லீங்க. மூணு வாரமா தூக்கம் வரல, சாப்பாடு இறங்கல, படிச்சது மனசுல நிக்கல. சுகர், பிரஷருக்கு டாக்டரைப் பார்க்கிற மாதிரி இதுக்கும் ஒரு டாக்டரைப் பார்க்கணும். நீங்க வாங்க, நானும் கூட வர்றேன்” என்றேன். நோயின் பெயரைச் சொல்லாமல் அறிகுறிகளைச் சொன்னதாலும், ‘நானும் வர்றேன்’ என்ற சொல்லாலும் அவர் மறுநாளே புறப்பட்டு வந்தார்.

வந்த பெற்றோரைத் துறைத்தலைவர் அறையில் அமர்த்தி, அரியர் பட்டியலை எடுத்து முன்னே வைப்பது மிகப் பெரிய தவறு. அந்த நிமிடமே உடல்நலம் பற்றிய பேச்சு ஒழுங்கு நடவடிக்கையாக மாறிவிடும். மதிப்பெண் பற்றி அன்று ஒரு சொல்லும் வேண்டாம்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துச் செல்வதாகப் பெற்றோர் சொன்னால் மறுத்து வாதிடாதீர்கள். குணசீலத்துக்கும் ஏர்வாடிக்கும் நம்பிக்கையோடு போகும் குடும்பங்கள் ஏராளம்; ஏர்வாடி தர்காவிலேயே வழிபாட்டோடு மருத்துவத்தையும் இணைத்து வழங்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. “சாமியும் கும்பிடுங்க, மாத்திரையும் நிறுத்தாதீங்க” என்று சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டில் நடக்கும் வன்முறையோ, சாதி மீறிய காதலை ஒட்டிய மிரட்டலோ காரணம் என்றால், வீட்டுக்குச் சொல்வது மாணவரின் உயிரையே ஆபத்தில் தள்ளலாம். அங்கே ஆலோசகரோடும் 181 அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவோடும் பேசிய பிறகே அடுத்த அடி வையுங்கள். 18 வயது நிறைந்தவர் பெற்றோருக்குத் தெரிவிக்காமலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம்.

8. மருத்துவரிடம் முதல் பயணம்

முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்பினால் பாதிப்பேர் போவதில்லை. முதல் முறை மட்டுமாவது ஒருவர் உடன்செல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்கும் வரிசை காலையிலேயே நீண்டுவிடும் என்பதால் சீக்கிரம் புறப்படுங்கள். சோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.

மருத்துவர் முன்னே உட்கார்ந்ததும் சொல்ல வந்தது மறந்துபோகும். எனவே முந்தைய நாளே மாணவரை ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள்: எப்போது தொடங்கியது, தூக்கம், பசி, படிப்பில் கவனம், சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா. அவர் சம்மதித்தால் நீங்கள் தேதியிட்டுக் குறித்தவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஆலோசகர் பேச்சின் வழி உதவுபவர், மனநல மருத்துவர் மருந்தும் தரக்கூடியவர் என்ற வேறுபாட்டை முன்னதாகவே விளக்குங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டல் போன்ற தொல்லைகளோ முதல் வாரத்திலேயே வரலாம். இதை யாரும் சொல்லாததால் பலர் பத்தாம் நாளில், “உடம்பு கெட்டதுதான் மிச்சம்” என்று நிறுத்திவிடுகிறார்கள். 25 வயதுக்குட்பட்டவர்களில் சிலருக்கு முதல் சில வாரங்களில் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடக்கூடும் என்பதால், அந்தக் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்துப் பேசுங்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றினாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. தேறிய பிறகும் சில மாதங்கள் மருந்து தொடர்வது வழக்கம்.

9. வருகைப்பதிவும் தேர்வும்

இதை அலுவலக வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். “அட்டெண்டன்ஸ் போச்சு, வருஷமே போச்சு” என்ற அச்சம் நோயைவிட வேகமாக மாணவரைக் கீழே இழுக்கும். அண்ணா பல்கலைக்கழக விதிகளில் தேர்வெழுத 75 விழுக்காடு வருகை தேவை. மருத்துவக் காரணத்துக்குச் சான்றிதழ் கொடுத்தால் 65 விழுக்காடு வரை சலுகை உண்டு. மற்றப் பல்கலைக்கழகங்களின் விதிகளை முதல் படியில் எடுத்துவைத்த ஜெராக்ஸில் பாருங்கள். மீதமுள்ள நாட்களைக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். தலைக்குள் சுழன்றுகொண்டிருந்த அச்சம், தாளில் 23 நாள் என்ற எண்ணாக மாறியதும் மூச்சுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படிப்பை இடைநிறுத்தும் வாய்ப்பும் இருக்கிறது. ஆனால் அந்த முடிவை மிகவும் சோர்ந்திருக்கும் வாரத்தில் எடுக்கவேண்டாம். “டிசி வாங்கிக்கிறேன்” என்று கேட்பவரிடம், மருத்துவரைப் பார்த்து ஒரு மாதம் கழித்துப் பேசலாம் என்று தள்ளிவையுங்கள். இடைநிறுத்தினால் கல்வி உதவித்தொகை என்ன ஆகும் என்பதையும் அலுவலகத்தில் நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

10. அறைத்தோழர்கள்

பெரும்பாலும் செய்தியை முதலில் கொண்டுவருபவர்கள் இவர்களே. அவர்களை இரவுக் காவலுக்கு வைத்துவிட்டு நாம் வீட்டுக்குச் சென்றுவிடுவது நியாயமில்லை. 19 வயதுப் பிள்ளை மூன்று இரவு கண்விழித்து, தான் தூங்கிவிட்டால் நண்பர் இறந்துவிடுவார் என்று நடுங்கிக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். நண்பர்களின் பங்கு சாப்பாட்டுக்கு அழைப்பது, உடன் நடப்பது, மாற்றம் தெரிந்தால் சொல்வது ஆகியவற்றோடு நிற்கட்டும். அவர்களையும் தனியே அழைத்து, “நீ எப்படி இருக்க?” என்று கேளுங்கள்.

11. உங்கள் எல்லை

நள்ளிரவு அழைப்புகளுக்கெல்லாம் நீங்கள் ஒருவரே பதில் சொல்ல முடியாது. அப்படி முயன்ற இரண்டு ஆசிரியர்கள் ஓராண்டிலேயே அந்தப் பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரவு 10 மணிக்குப் பிறகு காப்பாளர், அவசரம் என்றால் 14416 அல்லது 108 என்று மாணவரிடம் முதலிலேயே சொல்லி, அந்த எண்களை அவர் தொலைபேசியில் உங்கள் முன்னிலையில் பதியச் செய்யுங்கள். ஆலோசகரிடம் உங்கள் மனத்திலிருப்பதையும் பேசுங்கள்.

12. வகுப்புக்குத் திரும்பிய பிறகு

திரும்பி வரும் நாள் காலையில், முதல் பாடவேளைக்குப் பத்து நிமிடம் முன்னதாக அவரைச் சந்தித்து, “எங்கே போயிருந்த?” என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதை இருவருமாக முடிவு செய்துகொள்ளுங்கள். “உடம்பு சரியில்ல, இப்போ பரவாயில்ல” என்பது போதும், அது உண்மையும்கூட. மற்ற ஆசிரியர்களிடம், “மருத்துவக் காரணம், ரெக்கார்டுக்கு இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் பொறுப்பிலுள்ள மாணவர்களைப் பற்றி எழுதிவைக்கும் டியூட்டர் வார்டு பதிவேடு, ஆய்வுக் குழுவின் மேசைக்கும் துறைத்தலைவரின் மேசைக்கும் போகும் நோட்டு. அதில் “தனிப்பட்ட ஆலோசனை வழங்கப்பட்டது” என்ற வரிக்கு மேல் எதுவும் எழுதாதீர்கள். மருந்தின் பெயர், நோயின் பெயர், வீட்டு விவரம் எதுவும் அதில் இருக்கக்கூடாது. தன் பக்கத்தை இன்னொரு மாணவர் புரட்டிப் பார்த்ததை அறிந்தவர், மறுபடியும் உங்களிடம் வரமாட்டார்.

அந்தப் பருவம் முடியும்வரை வாரத்துக்குப் பத்து நிமிடம், அதே நாளில், அதே மணிக்குச் சந்தியுங்கள். பேச எதுவும் இல்லையென்றாலும் தேநீர் குடித்துவிட்டுப் போகட்டும். மருந்து முடியும் தேதியையும், மருத்துவர் மறுபடி வரச்சொன்ன தேதியையும் உங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிவு வெளிவரும் என்று தெரிந்த நாளுக்கு முந்தைய மாலை அவரை அழைத்து, ரிசல்ட் பார்க்கும்போது யார் அருகில் இருப்பார்கள் என்று கேளுங்கள். யாரும் இல்லையென்றால் மறுநாள் உங்கள் மேசைக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.